வேட்டையும் விதியும்

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து அலையாத்திக் காட்டிலும், வீராணம் ஏரியிலும் குளிர்காலந்தோறும் நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன. கடலூர் மாவட்டத்துப் புதர்களில் முயல்கள் வாழ்கின்றன. இத்தகைய எளிய உயிர்களுக்கு இயற்கை அளித்த காப்பு இருள், மறைவிடம், விரைவு என்பனவே.

மனிதனோ இம்மூன்றையும் வெல்லும் வழிகளைக் கண்டான். விளக்கொளி இருளைப் போக்கும். வேட்டை நாயின் மோப்பம் மறைவிடத்தைக் காட்டிவிடும். ஊர்தி விரைவைத் தோற்கடிக்கும். தப்பியோட வழியற்ற உயிரைக் கொல்வதில் வீரம் ஏது?

1972-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கத்தில் உரிமம் பெற்றோர் வேட்டையாட இடமளித்தது. எனினும் ஊர்தியில் சென்று வேட்டையாடுதலை அது தடுத்தது. கண்ணி, நஞ்சு, செயற்கை ஒளி, இரவு வேட்டை ஆகியவற்றையும் பொதுவாக விலக்கியது. நாய்களைக் கொண்டு விலங்குகளை வேட்டையாடுதலும் கூடாது என்றது. நீர்ப்பறவை, கவுதாரி, காடை முதலிய சில பறவைகளுக்கு மட்டும் அக்காப்பு அன்று கிட்டவில்லை.

1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அக்குறையையும் நீக்கியது. உரிம வேட்டையே ஒழிந்தது. இன்று அட்டவணையில் உள்ள உயிர்களை அனுமதியின்றி எவ்வகையில் வேட்டையாடினும் குற்றமே. வேட்டையின் முறையைக் கட்டுப்படுத்திய சட்டம், பின்னர் வேட்டையையே தடுத்தது. எளிய உயிரைக் காத்தலே வலியோர்க்கு அழகு.