தீர்ப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்த நாடகம்

தமிழ் முதுகலை படித்த காலத்தில் வீதி நாடகக் குழு ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் போலீஸ் வேடம்தான். காக்கிச் சட்டைகூடக் கிடையாது. இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஒரு வேப்பங்கம்பு. ஒரு ஊர்ச் சேரியில் நான் கம்பை ஓங்கியதும், முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்த சிறுமி வீறிட்டு அழுதபடி வீட்டுக்குள் ஓடிவிட்டாள். நாடகம் முடிந்ததும் அவளுடைய பாட்டி வந்து சொன்னார்: "நெசமா அடிச்ச மாதிரியே இருந்துச்சு தம்பி. அவ அப்பனையும் இப்பிடித்தான் இழுத்துக்கிட்டுப் போனாங்க."

நடிகனாக எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள இன்றுவரை என்னால் முடியவில்லை.

அந்தப் பாட்டியின் சொல்லை நினைக்கும்போதெல்லாம் குஜராத்தின் அகமதாபாத்தில் உள்ள சாராநகர் நினைவுக்கு வரும். அங்கே வாழும் சாரா மக்கள், ஆங்கிலேயர் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறவித் திருடர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். முகாமில் அடைக்கப்பட்டு, வருகைப் பதிவு கொடுத்து வாழ்ந்தவர்கள். சட்டம் 1952இல் போனது. சந்தேகம் போகவில்லை. எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் வண்டி முதலில் இவர்கள் தெருவுக்குத்தான் வரும். சாரா என்று தெரிந்தால் வேலையும் கிடைக்காது.

இந்தச் சட்டம் நமக்கும் புதிதல்ல. சென்னை மாகாணத்துக்கு அது 1911இல் வந்தது. கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வதைபட்டன. இன்று நாம் சீர்மரபினர் என்று அழைப்பவர்கள் இவர்களைத்தான்.

எழுத்தாளர் மகாசுவேதா தேவியும் பேராசிரியர் கணேஷ் தேவியும் 1998இல் சாராநகருக்கு வந்தபோது, அங்குள்ள இளைஞர்களுக்கு ஒரு நூலகம் அமைந்தது. அந்த நூலகத்தில்தான் அவர்கள் புதன் சபர் என்பவரின் கதையைப் படித்தார்கள்.

புதன், மேற்கு வங்கம் புருலியா மாவட்டத்துக் கேரியா சபர் பழங்குடியைச் சேர்ந்தவர். 1998 பிப்ரவரியில், மனைவி சியாமளியுடன் போய்க்கொண்டிருந்தவரைப் போலீஸ் பிடித்துச் சென்றது. சில நாட்களில் காவலிலேயே இறந்துபோனார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது போலீஸ். உடலை எரித்துவிட்டால் காயங்களும் சாம்பலாகிவிடும் என்பது சபர் மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வைக்கோல் பொம்மை ஒன்றை எரித்துவிட்டு, உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்து வைத்தார்கள். பின்னர் நடந்த மறு பிரேதப் பரிசோதனையில் அந்த உடல்தான் பேசியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கும், சியாமளிக்கு இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டது.

தக்சின் பஜ்ரங்கேயும் அவருடைய தோழர்களும் நாடகப் பள்ளியில் படித்தவர்கள் இல்லை. வழக்கில் வெளிவந்த உண்மைகளை எடுத்து வைத்துக்கொண்டு, பேசிப் பேசி, நடித்து நடித்துப் பார்த்தே ஒரு நாடகத்தை உருவாக்கினார்கள். பெயர் 'புதன்'. அது முதலில் அரங்கேறியது 1998 ஆகஸ்ட் 31ஆம் தேதி. 1952இல் இந்தச் சமூகங்கள் குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுபட்ட நாளும் அதே ஆகஸ்ட் 31தான்.

மேடை வேண்டாம், திரை வேண்டாம், ஒப்பனை வேண்டாம். நடிகர்களின் உடம்புகளே லாக்கப் ஆகும், கம்பி ஆகும். புதனாக நடிப்பவருக்கு அடி எப்படி விழும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போலீஸாக நடிப்பவருக்கும் அப்படியே. சொந்த வீட்டு வாசலில், சொந்த அப்பனுக்கும் அண்ணனுக்கும் நடந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பிற்பாடு அந்தக் குழுவுக்குப் 'புதன் தியேட்டர்' என்றே பெயர் நிலைத்தது. அதில் நடித்த பிள்ளைகள் பலர் வழக்கறிஞர், பத்திரிகையாளர், திரைப்படக் கலைஞர் என்று வளர்ந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். நீதிமன்றம்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டதே, பிறகு நாடகம் எதற்கு?

காவல் மரணங்களைத் தடுக்க உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 11 கட்டளைகள் இட்டது 1996 டிசம்பரில். அந்த வழக்கும் மேற்கு வங்கத்திலிருந்து போனதுதான். கைது செய்யும் போலீஸ்காரர் பெயர் தெரியும்படி பட்டை அணிய வேண்டும். கைது குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரிடமோ ஊர்ப் பெரியவர் ஒருவரிடமோ சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இவ்வளவும் எழுதிவைக்கப்பட்டு 14 மாதம் கழித்துத்தான், அதே மாநிலத்தில், புதன் செத்தார். தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருந்தது. புதனின் தெருவுக்கு வரவில்லை. அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் நாடகம் தேவைப்படுகிறது.

நம் மண்ணிலும் இதற்கு வேர் உண்டு. பறையையும் நாட்டுப்புறப் பாட்டையும் கையில் எடுத்துத் தலித் அரங்கைக் கட்டியெழுப்பியவர் மறைந்த பேராசிரியர் கே.ஏ. குணசேகரன். அவருடைய 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தமிழ் மாணவர்கள் அறிவார்கள். 'ஜெய் பீம்' படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அந்தப் படம் இருளர் கதையாக எடுக்கப்பட்டிருந்தாலும், அதற்கு மூலமானவர் 1993இல் காவலில் கொல்லப்பட்ட குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு. படத்தைப் பார்த்து அழுதுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். வீதி நாடகத்தில் அது நடக்காது. நடித்தவன் பக்கத்துத் தெருக்காரன். நாளைக் காலையில் அவன் முகத்தில் விழித்தாக வேண்டும்.

நாடகம் போலீஸை மாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. தக்சின் பஜ்ரங்கேயே பின்னாளில் கைது செய்யப்பட்டார். நடிப்பவர்களுக்குப் பாதுகாப்பும் கிடையாது, வருமானமும் கிடையாது. ஆனால் அடிவாங்கியவன் தன் கதையைத் தானே நாலு பேர் முன்னால் நின்று சொல்லிவிட்டால், அதன் பிறகு அவனைப் பிறவித் திருடன் என்று சொல்ல, கேட்டவர்களுக்கு நாக்கு கூசும்.

கல்லூரித் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்த 11 கட்டளைகளைத் தமிழில் எழுதி எடுத்துப் போங்கள். காலனித் திடலில் பத்து நிமிட நாடகமாக அதை நடித்துக் காட்டுங்கள். துண்டும் வேப்பங்கம்பும் போதும். நாடகத்தில் போலீஸ் வரும்போது, உங்கள் பெயர்ப் பட்டை எங்கே என்று கேட்கும் பாத்திரத்தை ஒரு சிறுமிக்குக் கொடுங்கள்.

அன்று அழுதபடி வீட்டுக்குள் ஓடிய பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கத் தவறிய வேடம் அதுதான்.