பிள்ளைகளின் காசநோயும் ஆய்வுகூடச் சோதனைகளும்

மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுக்கு மூன்று கிழமைகளாக இருமல் ஓயவில்லை. உணவில் விருப்பமில்லை, நிறை ஏறவில்லை, மாலையானால் உடம்பு சுடுகின்றது. அதே வீட்டில் பாட்டனார் காசநோய்க்கு மருந்து உண்டு வருகின்றார். தாய் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றாள். சோதனைகள் நடைபெறுகின்றன. 'கிருமி காணப்படவில்லை' என்று அறிக்கை வருகின்றது. தாயின் முகம் மலர்கின்றது. வைத்தியரோ, காசநோய்க்குரிய மருந்தை உடனே தொடங்கவேண்டும் என்கின்றார். தாய் திகைக்கின்றாள். தவறியது ஆய்வுகூடமா, வைத்தியரா?

இரு பகுதியாரும் தவறவில்லை. வலையில் மீன் படவில்லை என்பதாற் கடலில் மீனே இல்லையென்று கரையோர மக்கள் எவரும் சொல்வதில்லையன்றோ? பிள்ளைகளின் காசநோயைப் பொறுத்தவரை 'காணப்படவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையேயுள்ள தூரம் அத்தகையது. அதன் காரணத்தை அறிந்துகொள்ளுதல் பெற்றோர்க்கு மிகவும் இன்றியமையாதது.

காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்த செய்தியை, 1882 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் திகதி, பேர்லின் நகரிலே றொபேட் கொக் என்னும் ஜேர்மன் வைத்தியர் வெளியிட்டார். மெழுகு போன்ற உறையையுடையது அக்கிருமி. செந்நிறச் சாயத்தைச் சூடாக்கி அதற்கு ஏற்றிவிட்டால், பின்னர் அமிலத்தாற் கழுவினாலும் அச்சாயம் நீங்குவதில்லை. இவ்வியல்பைப் பயன்படுத்தியே சீல், நீல்சன் என்னும் இருவரின் பெயரால் வழங்கும் சாயமூட்டும் முறை அமைந்தது. நோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, இம்முறைப்படி சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால், நீலப் பின்னணியிலே செந்நிறக் கோல்களாகக் கிருமிகள் தோன்றும்.

எளியதும் செலவு குறைந்ததுமான இச்சோதனைக்கு ஒரு குறை உண்டு. ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தாலன்றி அவை கண்ணிற் படுவது அரிது. வளர்ந்தோரின் நுரையீரலில் நோய் குழிகளை உண்டாக்கும்போது கிருமிகள் கோடிக்கணக்கிற் பெருகி, இருமும்போது சளியுடன் வெளிவரும். சிறு பிள்ளைகளிடம் நிலைமை வேறு. நோய் பெரும்பாலும் நுரையீரலின் அடிவேரையொட்டிய நிணநீர்க் கணுக்களில் ஒடுங்கியிருக்கும். கிருமிகளின் தொகையும் குறைவு. மேலும், சிறு பிள்ளைகளுக்குச் சளியைக் காறி உமிழத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள்.

விழுங்கிய சளியைத் தேடிச் செல்வதே வைத்தியரின் அடுத்த முயற்சி. இரவு முழுவதும் உணவின்றி இருந்த பிள்ளை விடியற்காலையில் எழுமுன்னரே, மூக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இரைப்பையிலுள்ள நீரை எடுப்பார்கள். இவ்வாறு மூன்று நாள்கள் தொடர்ந்து செய்தல் பழைய வழக்கம். செறிந்த உப்புநீரை ஆவிபோலாக்கிச் சுவாசிக்கச் செய்து சளியை வரவழைப்பது மற்றொரு முறை. இம்முறையில் ஒரு தடவை எடுத்த சளி, மூன்று நாள் எடுத்த இரைப்பை நீருக்கு ஈடானதெனத் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் நடைபெற்ற ஆய்வொன்று 2005 ஆம் ஆண்டிற் காட்டியது.

எடுத்த மாதிரியை முட்டை சேர்ந்த ஊட்டப்பொருளில் இட்டு வளர்த்துப் பார்ப்பது வளர்ப்புச் சோதனை. மில்லிலீற்றருக்கு 10 முதல் 100 கிருமிகள் இருப்பினும் இது காட்டிவிடும். ஆனால் இக்கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரிவதற்கே பதினைந்து, இருபது மணி நேரம் செல்லும். ஆகவே விடை வர மூன்று முதல் எட்டுக் கிழமைகள் ஆகலாம். நோயுற்ற குழந்தை அவ்வளவு காலம் காத்திருக்க இயலுமா?

இக்குறையைத் தீர்க்க வந்ததே கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் காட்டும் ஜீன் எக்ஸ்பேட் சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் இதனை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், றிபாம்பிசின் என்னும் மருந்துக்கு அது கட்டுப்படாததாயின் அதனையும் இது தெரிவிக்கும். விழுங்கிய கிருமி மலத்தோடு வெளியேறுமாதலின், பிள்ளைகளின் மலத்தையும் இச்சோதனைக்கு எடுக்கலாமென அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது. குழாயின் துன்பமின்றிப் பெறக்கூடிய மாதிரி அது.

இன்னொரு வகைச் சோதனை, கிருமியைத் தேடாமல் உடலின் எதிர்ப்பை ஆராய்வது. 1908 ஆம் ஆண்டில் சாள்ஸ் மன்ரோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் விளக்கிய முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. முன்கையின் தோலினுள்ளே கிருமியின் புரதத்தைச் சிறிதளவு செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்தின் பின் தடிப்பை அளப்பார்கள். அளக்கவேண்டியது கைக்குத் தென்படும் தடிப்பையே, சிவப்பை அன்று. பொதுவாகப் பத்து மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தொற்றைக் குறிக்கும். ஆனால் தொற்று வேறு, நோய் வேறு. பிறந்தவுடன் இடப்படும் பீ.சீ.ஜீ. தடுப்பூசியும் சிறிது தடிப்பை உண்டாக்கலாம்; உடல் மெலிந்த பிள்ளையிடம் நோய் இருந்தும் தடிப்புத் தோன்றாமற் போகலாம். இரத்தத்திற் செய்யப்படும் இன்ரபெரோன் சோதனை தடுப்பூசியால் மயங்குவதில்லை. எனினும் தொற்றையும் நோயையும் அதனாலும் பிரித்தறிய இயலாது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படும். சோதனையிற் கிருமி தென்பட்டால் நோய் உறுதி. தென்படாவிட்டால் ஐயம் தீர்ந்ததாகாது. அப்போது வீட்டில் நோயாளி உண்டா, நிறை ஏறுகின்றதா, மார்பின் கதிர்ப்படம் யாது காட்டுகின்றது என்பவற்றையெல்லாம் வைத்தியர் ஒருங்கு சேர்த்து முடிவு செய்வார். நம் முன்னோர் இந்நோயைச் சயரோகம் என்றனர். சயம் என்பது தேய்தல். வளரவேண்டிய பிள்ளையின் நிறை ஏறாது நிற்பதும் அத்தேய்வின் அடையாளமே. கிளினிக் அட்டையில் எழுதப்படும் நிறையும் ஒரு சாட்சியாகும்.

தாமதத்தின் விலை சிறிதன்று. தடுப்பூசியும் மருந்தும் இல்லாத காலத்து ஆய்வுகளின்படி, ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் தொற்றுண்டால் நூற்றுக்கு முப்பது, நாற்பது பேர் நுரையீரல் நோயுற்றனர். பத்து முதல் இருபது பேருக்கு நோய் மூளையுறைக்கோ உடலெங்குமோ பரவிற்று. 2015 ஆம் ஆண்டில் உலகிற் காசநோயால் இறந்த பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறாதவர்கள் என்று ஓர் ஆய்வு கணித்தது. பலருடைய நோய் கண்டறியப்படவேயில்லை.

மருந்தோ பயன் தருவது. இலங்கையிலே மாவட்டந்தோறும் உள்ள அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பது. ஆதலால் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் எனத் தெரிந்தால், அங்குள்ள பிள்ளைகளை, அவர்கள் நலமாகத் தோன்றினாலும், சோதனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். 'கிருமி காணப்படவில்லை' என்ற தாளைக் கையிற் பெற்ற தாய், அதனை மடித்து வைத்துவிட்டு வீடு திரும்பலாகாது. வைத்தியரிடம் மீண்டும் சென்று, 'இனிச் செய்யவேண்டியது யாது?' என்று கேட்டறிதல் வேண்டும். அக்கேள்வி ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கக்கூடும்.