தனியார் எரிவாயு இறக்குமதியும் நம் சங்கங்களும்

சமையல் எரிவாயுவை அயல்நாடுகளிலிருந்து தருவித்து, தாமே விலை வைத்து விற்கத் தனியார் கம்பெனிகளுக்கு மத்திய அரசு 1993-இல் இடமளித்தது. அவற்றின் விநியோக உரிமைக்காகச் சங்கப் பணத்தைக் காப்புத்தொகையாகக் கட்டுமுன், நிர்வாகக் குழுவினர் ஒன்றைக் கேட்டறிதல் அவசியம். 2000-ஆம் ஆண்டு உத்தரவின்படி, இத்தகைய கம்பெனி தன் ஆற்றல், வசதிகள், ஆயத்த நிலை ஆகியவை குறித்து, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் தரச்சான்று பெறாமல் இறக்குமதியோ விற்பனையோ தொடங்கலாகாது. சான்று உண்டு என்ற வாய்ச்சொல் போதாது. எத்தரம் குறிக்கப்பட்டுள்ளது என்பதை வாங்கிப் படித்தல் வேண்டும். தாழ்ந்த தரம் குறித்த தாளும் சான்றுதானே!

இனிக் கிடங்கு. 2016-ஆம் ஆண்டு எரிவாயு உருளை விதிகளின்படி, 100 கிலோவுக்கு மேல் சேமிக்க உரிமம் வேண்டும். 19 கிலோ உருளையானால், ஆறாவது உள்ளே வந்ததும் வரம்பு கடந்துவிடும். அவ்வுரிமத்தைப் பெறவேண்டியது உருளைகளை வைத்திருக்கும் சங்கமே, கம்பெனியன்று.