ஊருக்கு ஊர் ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

அதிகாலையில் மாங்காட்டுச் சாலையோரம் சற்று நின்று பாருங்கள். தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்திருக்கும் இளைஞர்களிடம் சொந்த ஊரைக் கேளுங்கள். இராமநாதபுரம், பெரம்பலூர், தருமபுரி என்றெல்லாம் விடை வரும். ஒரே மாநிலம், ஒரே பாடப்புத்தகம். பிறகு ஏன் இவர்கள் பிழைப்புத் தேடி ஊரைத் துறந்து வரவேண்டும்?

"உழைக்காதவன் ஊர் உயராது" என்று சிலர் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அது நியாயமன்று. மாங்காட்டைச் சூழ்ந்த பகுதியும் முன்பு ஏரிப்பாசனத்தை நம்பிய நெல்வயல்தான். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அரசின் முயற்சியால் எழுந்தன. அவற்றைச் சார்ந்து பட்டறைகள் தோன்றின; தொழில் கற்றவர்கள் பெருகினர். துறைமுகமும் பெங்களூர் நெடுஞ்சாலையும் அருகிலேயே இருந்தன. எல்லாம் ஆயத்தமாயிருந்த இடத்திற்கே ஹூண்டாய் நிறுவனமும் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. ஆலை இருக்கும் இடத்தையே அடுத்த ஆலையும் நாடுகிறது.

இராமநாதபுரமோ மழையையும் கண்மாயையும் நம்பிய சீமை. சென்னையில் மருத்துவக் கல்லூரி 1835இல் தோன்றியது. அங்கே 2022இல்தான் திறக்கப்பட்டது. 2018இல் மத்திய அரசு தனிக்கவனம் செலுத்தத் தேர்ந்த பின்தங்கிய மாவட்டங்களில், தமிழகத்தைச் சேர்ந்தவை இராமநாதபுரமும் விருதுநகரும்.

வளர்ந்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. தென் இத்தாலிக்கென 1950இல் தனி நிதியமே அமைத்தார்கள். இன்றும் வடபகுதியே செல்வத்தில் முந்தி நிற்கிறது. 1990இல் ஒன்றிணைந்த ஜெர்மனியிலும் கிழக்கின் ஊதியம் மேற்கினும் குறைவே. பணம் வந்தால் மட்டும் போதாது என்பதே இதன் பாடம்.

இது நம் வீட்டுக் கதையுமாகும். கீழக்கரை போன்ற ஊர்களில், சபர் சென்றவர்கள் அனுப்பிய பணத்தால் வீடுகள் உயர்ந்தன, கல்லூரிகளும் எழுந்தன. ஆனால், படித்து வெளிவரும் பிள்ளைகளுக்கு வேலைதரும் தொழில்கள் அந்த அளவுக்கு எழவில்லை. ஆகவே மகனும் பெட்டி கட்டுகிறான். மாங்காட்டில் ஈட்டும் ஒப்பந்த ஊதியத்தில் வாடகையும் உணவும் போக, உம்மாவுக்கு அனுப்ப அவனிடம் எஞ்சுவது எவ்வளவு?

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை அரைத்துப் பொதியிட்டு விற்கும் தொழில் அங்கேயே வளர்ந்தால், எத்தனை இல்லங்களில் அடுப்பெரியும்! அடுத்த மனைக்கட்டை வாங்குமுன், நாலு குடும்பங்கள் கூடி ஊரில் ஒரு தொழில் தொடங்க இயலுமா என எண்ணிப் பாருங்கள். அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம். நம்மால் ஆவதை நாமே தொடங்குவோம்.