உறைகரு 'பிழைத்தது' என்றால் என்ன பொருள்?

பசுக்களுக்கு ஆய்வகக் கரு வைக்கப் பெயர் பதியும் கடைசி நாள் நெருங்குகிறது. வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: "உறைய வைத்தாலும் கரு பிழைக்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் மாடு சினை பிடிக்கவில்லை?"

விளம்பரத் தாள்களில் சொல்லும் 'பிழைப்பு விகிதம்', உருக்கிய கரு ஆய்வகத் தட்டில் ஓரிரு நாளில் மறுபடி உப்பியதா என்ற கணக்கு மட்டுமே. மாட்டின் கருப்பையை எட்டும் முன்பே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

கருவைக் கொல்வதில் முதல் எதிரி செல்லுக்குள் உருவாகும் பனிக்கட்டி. அதைத் தடுக்கும் வழி அபாரமானது. எத்திலீன் கிளைக்கால் கரைசலோடு கருவை ஸ்ட்ரா எனும் மெல்லிய குழாயில் அடைத்து, சுமார் மைனஸ் 6 டிகிரியில் நிறுத்துவார்கள். திரவ நைட்ரஜனில் தோய்த்த இடுக்கியால், கரு இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி ஸ்ட்ராவைத் தொடுவார்கள். அங்கே பனி பிறக்கும். வெளிநீர் பனியாக ஆக, மிச்சக் கரைசல் அடர்ந்து, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். நிமிடத்துக்கு அரை டிகிரி அளவில் குளிர்வித்து மைனஸ் 30-க்குக் கீழே வரும்போது, உள்ளே பனி கட்டும் அளவுக்கு நீர் இருக்காது. அதன்பிறகே மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் இறக்குவார்கள்.

இந்த முறை, பசுவின் வயிற்றில் வளர்ந்த கருவை வைத்துத் தேறியது. ஆய்வகக் கரு வேறு மாதிரி. சீரம் சேர்த்த ஊடகத்தில் வளர்ந்தால் கொழுப்புத் துளிகள் மிகும். நுண்ணோக்கியில் கறுத்துத் தெரியும். செல்களின் பிணைப்பும் தளர்வு. கொழுப்பு மலிந்த பன்றிக் கருவிலிருந்து அந்தக் கொழுப்பை நீக்கியபோது கரு உறைநிலையைத் தாங்கியதை 1995-இல் 'நேச்சர்' இதழ் ஆய்வு காட்டியது. ஆகவே, கொழுப்பு மிகுந்த ஆய்வகக் கரு தட்டில் உப்பினாலும் உள்ளுக்குள் காயம்பட்டதாக இருக்கலாம். அந்தக் காயம் சினை நிற்காதபோதுதான் தெரியவருகிறது.

பனியே கட்டாமல் நொடியில் கண்ணாடியாக்கும் முறை? ஆய்வகக் கருவுக்குப் பெரும்பாலும் தேவலை. உருக்குபவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும்.

எத்தனை காலம் வைக்கலாம்? நைட்ரஜன் வற்றாதவரை, ஆண்டுக்கணக்கில்.

உறைகருவில் கன்று பிறக்குமா? 1973-இலேயே கேம்பிரிட்ஜில் பிறந்தது; அது ஆய்வகக் கரு அல்ல.

உறைய வைக்காத புதுக்கரு கிடைத்தால்? அதையே கேளுங்கள். ஆனால் அன்றைக்கு உங்கள் மாட்டின் பருவம் கருவின் வயதோடு ஒத்திருக்க வேண்டும்.

மானியம்? மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டம், உறுதியான சினை ஒன்றுக்கு 5,000 ரூபாய் தருகிறது.

அரசே சினையைப் பார்த்துத்தான் பணம் தருகிறது. நீங்களும் பிழைப்பு விகிதத்தை விட்டுவிடுங்கள். உறைகரு வைத்த மாடுகள் எத்தனை, அவற்றில் 60-ஆம் நாள் சினை உறுதியானவை எத்தனை, கன்று ஈன்றவை எத்தனை என்று எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.