நார் ஒரு சாண், கயிறு நூறடி

கையில ஒரு முழம் சணல் எடுத்துக்கோங்க. ரெண்டு முனையையும் பிடிச்சு நல்லா முறுக்குங்க. இப்போ நடுவுல மடிச்சு, முனைகளைச் சேர்த்துப் பிடிங்க. ரெண்டு பாதியும் தானாவே ஒண்ணையொண்ணு சுத்திக்குது, பாருங்க. முறுக்கின இழை பிரியப் பார்க்குது. அந்த வேகமே ரெண்டையும் எதிர்ப்பக்கமா சுத்திவிடுது. ஒரு முறுக்கை இன்னொரு முறுக்கு பூட்டிடுச்சு. கயிறு திரிக்கிற சூட்சுமமே இதுதான்.

தென்னை நாரோட நீளம் ஒரு சாண், மிஞ்சினா ஒண்ணரைச் சாண். பசை கிடையாது, முடிச்சும் கிடையாது. அப்புறம் எப்படி நூறடிக் கயிறு? முறுக்கியிருக்கிறதால, இழுக்க இழுக்க நாருங்க ஒண்ணோடொண்ணு நெரிபடுது. அந்த உராய்வுதான் பிடி.

கேரளத்துக் காயல்கள்லயும் நம்ம குமரிப் பக்கமும், பச்சைத் தேங்காய் மட்டையை உப்புத்தண்ணியில 6 முதல் 10 மாசம் வரைக்கும் ஊறப்போடுவாங்க. நாரை ஒட்டவச்சிருக்கிற பெக்டினை பாக்டீரியா தின்னுடும். அழுகின முட்டை நாத்தம் ஊரைத் தூக்கும், காயல் மீனுக்கும் கேடு; அதையும் சொல்லித்தான் ஆகணும். ஊறின மட்டையைத் தட்டினா பொன்னிற நார் வரும். காய்ஞ்ச நெத்து மட்டையை எந்திரத்துல அடிச்சா வர்றது பழுப்பு நார், கொஞ்சம் முரடு.

அடுத்து ராட்டை. ஒருத்தர் சக்கரத்தைச் சுத்த, நாரை வச்சிருக்கிறவங்க அதைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே பின்னாடி நடப்பாங்க. நடக்க நடக்க இழை நீளும். ரெண்டு இழையை எதிர்முறுக்கா சேர்த்தா ஒரு புரி. மூணு புரியை மறுபடி திசை மாத்தி முறுக்கினா முப்புரிக் கயிறு. மூணு பள்ளம் வெட்டின மரக்கட்டை ஒண்ணு புரிகளுக்கு நடுவுல நகரும். தொழில் தெரிஞ்சவர் கை இருக்க வேண்டிய இடம் அதுதான்: கட்டை வேகமா ஓடினா கயிறு தொளதொளன்னு போயிடும், தயங்கினா விறைச்சுக்கும்.

கிணத்துல இறைக்க தாம்புக்கயிறு, மாடு கட்டி இறைச்ச கமலைக்கு வடமும் வால்கயிறும், தேருக்கும் வடம். நெல்லுக்கட்டைக் கட்டுற வைக்கோல் பிரியும் இதே முறுக்குதான். உப்புத்தண்ணியில தென்னங்கயிறு சீக்கிரம் மக்காது. அந்தக் காலத்து மெட்ராஸ் கடற்கரையில அலையைத் தாண்டின மசூலா படகை ஆணியே இல்லாம இதாலதான் தைச்சாங்க.

கயிறு வாங்கும்போது எதிர்ப்பக்கமா லேசா திருகிப் பாருங்க. புரி சட்டுனு வாயைத் திறந்தா வேண்டாம். வெட்டுறதுக்கு முன்னாடி, வெட்டுற இடத்துக்கு ரெண்டு பக்கமும் நூலால இறுக்கிக் கட்டிடுங்க. இல்லைன்னா முறுக்கு விட்டுப்போயிடும்.