ஏழு கேள்விகளும் ஓர் இடியாப்ப அச்சும்

காலை நான்கு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். பாச்சாங்கில் ஒரு கோப்பிக்கடையின் முன்னால் அம்மா இடியாப்பம் விற்கிறார். பதினோர் ஆண்டுகளாக அதே மேசை, அதே குடை. தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்துக் கட்டிய அறுபது பொட்டலங்கள் ஏழு மணிக்குள் தயாராக வேண்டும். பொட்டலத்துக்கு ஐந்து இடியாப்பம். அப்படியென்றால் ஒரு காலைப் பொழுதில் அம்மாவின் கைகள் முந்நூறு முறை அச்சை அழுத்துகின்றன.

கடந்த ஆண்டின் இறுதியில் அவருடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கிளினிக்கில் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். அம்மா சிரித்துக்கொண்டே, "ஓய்வு எடுத்தா உன் படிப்புச் செலவுக்கு யாரு குடுப்பா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதே வாரம்தான் பாலிடெக்னிக்கில் தொழில்முனைவர் பாடத்துக்குப் புதிய பொருள் ஒன்றை முன்மொழிய வேண்டியிருந்தது. தண்ணீர் குடிக்கும்படி நினைவூட்டும் 'ஸ்மார்ட்' போத்தல் ஒன்றை நான் வரைந்து கொண்டுபோனேன். விரிவுரையாளர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது யாருடைய பிரச்சினை?"

என்னிடம் பதில் இல்லை. பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. உண்மையான பிரச்சினை ஒன்று எங்கள் சமையலறையிலேயே இருந்தது. அதை விட்டுவிட்டு நான் ஊரில் இல்லாத பிரச்சினையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

துள்ளி ஓடும் ஏழு எழுத்துகள்

மாணவர்களே, 'உயர்நிலைச் சிந்தனை' என்ற சொல்லை நாம் ஆரம்பப்பள்ளி முதலே கேட்டு வருகிறோம். வட்ட வரைபடமும் குமிழி வரைபடமும் நமக்குப் புதியவை அல்ல. அவை நமக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்த உதவும். தெரியாத ஒன்றை நோக்கி நகர வேறொரு கருவி வேண்டும். விரிவுரையாளர் அன்று சொல்லிக்கொடுத்த 'ஸ்கேம்பர்' அத்தகைய கருவி.

இதன் வேர் விளம்பரத் துறையில் இருக்கிறது. அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றின் நிறுவனர்களில் ஒருவரான அலெக்ஸ் ஆஸ்போர்ன், 1953-இல் வெளியிட்ட தம் நூலில், பழைய பொருளிலிருந்து புதிய யோசனையைக் கறக்க உதவும் கேள்விகளைத் தொகுத்திருந்தார். குழுவாக அமர்ந்து யோசனைகளைக் கொட்டும் 'பிரெய்ன்ஸ்டார்மிங்' முறையைப் பரப்பியவரும் அவர்தான். பின்னர் பாப் எபர்லி என்ற கல்வியாளர், பிள்ளைகளும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி அந்தக் கேள்விகளை ஏழு எழுத்துகளில் அடக்கி, 1971-இல் நூலாகத் தந்தார். 'ஸ்கேம்பர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் துள்ளி ஓடுதல் என்று பொருள்.

தமிழில் அந்த ஏழையும் இப்படிச் சொல்லலாம்: ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வை. இரண்டைச் சேர். வேறோர் இடத்திலிருந்து இரவல் வாங்கு. பெரிதாக்கு, அல்லது சிறிதாக்கு. வேறு வேலைக்குப் பயன்படுத்து. வேண்டாததை நீக்கு. தலைகீழாகத் திருப்பு.

அன்றிரவு ஒரு பயிற்சிப் புத்தகத்தில் ஏழு பக்கங்களை ஒதுக்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு கேள்வியை எழுதினேன். அம்மாவும் அப்பாவும் மேசைக்கு எதிரே அமர்ந்தார்கள்.

கைகொடுக்காதவையும் கணக்கில் சேரும்

முதல் கேள்வி: எதற்குப் பதில் எதை வைக்கலாம்? சீனிக்குப் பதில் நம் மாநிலத்தின் பெயரையே தாங்கிய குலா மலாக்காவை வைத்துப் பார்த்தோம். ருசி அருமை. ஆனால், நாங்கள் விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. அரிசி மாவில் பாதிக்குக் கேழ்வரகு மாவைக் கலந்தபோது இழைகள் அறுந்து விழுந்தன. கால் பங்கு கலந்தபோது தாங்கியது. அதற்கென்றே இப்போது சில வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்.

இரண்டாவது, சேர்ப்பது. மூங்கில் தட்டில் பிழிந்து, பிறகு ஆவித் தட்டுக்கு மாற்றுவதற்குப் பதிலாக, இட்லித் தட்டிலேயே நேராகப் பிழிந்தோம். இரண்டு வேலைகள் ஒன்றாயின.

நான்காவது, சிறிதாக்குவது. இந்தக் கேள்விக்கு நம்மவர்களிடமே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஷாம்புவைப் போத்தலில் வாங்க முடியாத மக்களுக்காக அதைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்ற முன்னோடிகளில் ஒருவர் தமிழ்நாட்டின் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் வெறும் 15,000 ரூபாய் முதலீட்டில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது. உள்ளே இருந்தது அதே ஷாம்புதான். அளவு மாறியதும் வாங்குபவர்கள் மாறினார்கள். நாங்களும் ஐந்துக்குப் பதிலாக மூன்று இடியாப்பம் கொண்ட சிறு பொட்டலம் கட்டினோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஐந்தாவது, வேறு வேலைக்குப் பயன்படுத்துவது. தினமும் பன்னிரண்டு பதினைந்து பொட்டலங்கள் மிஞ்சும். மிஞ்சியதைக் காயவைத்து வடகம்போல் பொரிக்கலாம் என்று எழுதினேன். முதல் முறை பிற்பகல் மழையில் மாட்டிக்கொண்டு பூஞ்சணம் பிடித்ததால் அத்தனையையும் கொட்டினோம். இரண்டாம் முறை நல்ல வெயில் கிடைத்தது. வடகமும் நன்றாகவே வந்தது. ஆனால், மலாக்கா வானத்தை நம்பி ஒரு வியாபாரத்தைத் தொடங்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார்.

அப்பாவின் ஜேக்கி

மூன்றாவது கேள்வியைத் தாண்டிவிட்டேனே என்று நினைக்கிறீர்களா? அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

'வேறோர் இடத்திலிருந்து இரவல் வாங்கு' என்ற பக்கம் இரண்டு நாள் வெறுமையாகவே இருந்தது. அப்பா கார் பட்டறையில் வேலை செய்கிறார். மூன்றாம் நாள் அவர்தான் சொன்னார்: "ஒரு காரையே தூக்குறேன், என் மணிக்கட்டு வலிக்கலையே. ஜேக்கியைத்தானே சுத்துறேன்."

திருகின் வேலையே அதுதான். நாம் சிறிய விசையில் பல சுற்றுகள் சுற்றுகிறோம். அது மெதுவாக, ஆனால் பெரும் விசையோடு நகர்கிறது. அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்களைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனாலும், அது அம்மாவின் கைக்கு உதவும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா துருப்பிடிக்காத எஃகில் ஒரு சட்டம் செய்தார். மேலே திருகு, கீழே அச்சு. முதல் சோதனையில் மாவு கீழே இறங்குவதற்குப் பதில் பக்கவாட்டு இடைவெளி வழியாக மேலே பிதுங்கியது. இடைவெளியைக் குறைத்தார். அடுத்த முறை சட்டம் ஆடியது. மூன்றாம் முறை ஒழுங்காகப் பிழிந்தது. வலியும் இல்லை. ஆனால், பழைய அச்சைவிட இரு மடங்கு நேரம் எடுத்தது. அப்படியென்றால் அம்மா நான்கு மணிக்குப் பதில் மூன்று மணிக்கே எழ வேண்டும்.

இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காப்புரிமைக்கே விண்ணப்பிக்கலாம் என்று கனவு கண்டேன். அந்த வாரம் வீட்டுக்கு வந்த பெரியம்மா, அப்பா செய்த கருவியைப் பார்த்துவிட்டு, "இது சேவை நாழி மாதிரியே இருக்கே! தமிழ்நாட்டுல மூணு கால் வச்சு, மேல திருகு வச்சு விக்கிறாங்களே" என்றார். இணையத்தில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் பொருள் அது.

வெட்கமாக இருந்தது. ஆனால், நல்ல பாடம். காப்புரிமை பெற வேண்டுமானால், ஒரு பொருள் நம் வீட்டுக்குப் புதிதாக இருந்தால் போதாது. உலகுக்கே புதிதாக இருக்க வேண்டும். மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தின் படியேறும் முன் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். வீட்டில் மூத்தவர்களையும் கேட்க வேண்டும்.

நீக்குவதும் திருப்புவதும்

ஆறாவது கேள்வி, எதை நீக்கலாம்? கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாச்சலம் முருகானந்தத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெருந்தொழிற்சாலை எந்திரங்களில் உருவான சானிட்டரி நாப்கினைச் சிற்றூர்ப் பெண்களே தயாரிக்கும்படி எளிய, மலிவான கருவிகளை அவர் உருவாக்கினார். தேவையற்ற சிக்கலை நீக்கியதே அவருடைய சாதனை. 2016-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இதில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மனைவி பழைய துணியைப் பயன்படுத்துவதைக் கண்டபோதுதான் அவருடைய தேடல் தொடங்கியது. அவரும் வீட்டிலிருந்துதான் புறப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் நான் எழுதியது: பத்து மணிக்குமேல் வெயிலில் நிற்பதை நீக்கலாம். "மிச்சத்தை யாரு வாங்குவா?" என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில் தெரியாமல் கடைசிப் பக்கத்துக்குப் போனோம்.

திருப்பிப் போடுவது. இதற்குச் சிறந்த சாட்சி நம் வீட்டு மாவரைக்கும் கிரைண்டர்தான். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவிதான் சுற்றும். கிரைண்டரில் பாத்திரம் சுற்றுகிறது. குழவி இருந்த இடத்திலேயே நிற்கிறது. 1955-இல் பி. சபாபதி கோயம்புத்தூரில் அறிமுகப்படுத்திய இந்த எந்திரம், பின்னர் அந்த ஊரின் பெயரால் புவிசார் குறியீடும் பெற்றது. எது சுற்றுவது, எது நிற்பது என்பதை மாற்றிப்போட்டதில் எத்தனை பெண்களின் கைகள் தப்பின என்று எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நாம செஞ்சு வச்சிட்டு ஆளுக்காகக் காத்திருக்கோம். ஆளு சொன்ன பிறகு செஞ்சா என்ன?"

ஏழு பக்கங்களிலும் இதைவிடச் சிறந்த வரி இல்லை. அதைச் சொன்னவர் எந்தக் கல்லூரிக்கும் போகாதவர்.

மறுநாளே புலனத்தில் ஒரு குழுவைத் திறந்தோம். இரவு ஒன்பது மணிக்குள் வாடிக்கையாளர்கள் தங்கள் தேவையைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன அளவோடு பத்துப் பொட்டலம் மட்டும் கூடுதலாகச் செய்வோம். முதல் வாரம் ஏழே பேர் எழுதினார்கள். இரண்டாம் மாதத்தில் நாற்பது பொட்டலங்கள் முன்பதிவில் வந்தன. இப்போது மிஞ்சுவது இரண்டோ மூன்றோதான். அறுபதுக்குப் பதில் ஐம்பது செய்தாலும் கையில் நிற்கும் காசு குறையவில்லை. அம்மா ஒன்பதரைக்கே வீடு திரும்புகிறார். பெரிய தேவை வரும் நாள்களில் மட்டும் அப்பாவின் திருகு அச்சும் சேர்ந்துகொள்கிறது. அன்று சுற்றுபவள் நான்.

மணிக்கட்டு முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், வீக்கம் வடிந்திருக்கிறது. கடையை மூடிவிடலாம் என்ற பேச்சு இப்போது எங்கள் வீட்டில் இல்லை.

நீங்களும் முயலுங்கள்

இடைநிலைப்பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்குப் படைப்பு தயாரிக்கும் தம்பி தங்கைகளுக்கும், உயர்கல்விக்கூடத்தில் திட்டப்பணி செய்யும் நண்பர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்.

முதலில் பொருளைத் தேடாதீர்கள், வலியைத் தேடுங்கள். தோட்டத்தில் பால்மரம் சீவும் தாத்தா, மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்தபடி வேலைக்குப் போகும் அண்ணன், படியேறத் தடுமாறும் பாட்டி என்று யாராவது ஒருவர் உங்கள் கண்முன் இருப்பார்.

அடுத்து, அவர் அன்றாடம் தொடும் ஒரு பொருளை மேசைமேல் வையுங்கள். ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, குறைந்தது மூன்று பதில்களாவது எழுதுங்கள். எழுதும்போது எதையும் கேலி செய்யாதீர்கள், அடிக்காதீர்கள். தேர்ந்தெடுக்கும் வேலையை மறுநாளுக்கு வையுங்கள். இருபத்தொரு பதில்களில் பதினெட்டு குப்பைக்குப் போகும். எங்களுக்கும் அப்படித்தான் போயின.

கடைசியாக, அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்காக யோசிப்பதைவிட அவரோடு சேர்ந்து யோசிப்பது நல்லது.

என் திட்டப்பணிக்கு வகுப்பில் முதலிடம் கிடைக்கவில்லை. அந்தப் பயிற்சிப் புத்தகம் இப்போதும் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. போன வாரம் திறந்து பார்த்தேன். 'நீக்கு' என்ற பக்கத்தின் அடியில் அம்மாவின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: "பிளாஸ்டிக் பைக்குப் பதில் வாழையிலை?"

அது முதல் பக்கத்துக்குரிய கேள்வி என்று நான் திருத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாழையிலையில் கட்டிப் பார்க்கப் போகிறோம்.